பொடி எழுத்தில் ஒரு டாக்டர்

இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்துக்கு ப்ரூஃப் பார்த்தவன் நான். தலைப்புச் செய்தியை எல்லோரும் பார்ப்பார்கள். பிழை இருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். என் கவலையெல்லாம் பக்கத்தின் அடியில் கிடக்கும் பொடி எழுத்துதான். மாவட்ட லீக் கிரிக்கெட் ஸ்கோர், பள்ளிகளுக்கிடையேயான கபடி முடிவுகள், கடைசி ஆளாக இறங்கி 3 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றவரின் பெயர். இரவு பதினோரு மணிக்கு மேல், ஈரம் காயாத தாளில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படிப்பேன். காலையில் எங்கோ ஒரு டீக்கடையில் ஒரு தகப்பன் அந்த வரியைத் தேடுவார் என்பது எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு, அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் தங்கினேன். பனி விலகிய பிறகு தினமும் காலை நடப்பேன். அப்படி ஒரு நாள் கால்வரி கல்லறைத் தோட்டத்துக்குள் போனபோது, ஒரு சமாதியின் மேல் பேஸ்பால் பந்து ஒன்று இருந்தது. மழையில் நனைந்து தோல் வெளிறியிருந்தது. யாரோ மறந்து விட்டுப்போன பந்து அல்ல. கல்லின் நடுவில் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. பெயர் ஆர்ச்சிபால்ட் கிரகாம். மருத்துவர்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மருமகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ‘மூன்லைட்’ கிரகாம் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியுமாம். அன்றிரவு ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ என்ற 1989ஆம் வருடத்துப் படத்தைப் போட்டுக் காட்டினாள். அதில் வயதான டாக்டராக பர்ட் லங்காஸ்டர் வருகிறார். இளம் வயதில் ஒரே ஒரு ஆட்டத்தில், கடைசி நேரத்தில் களத்தில் இறங்கி, மட்டை பிடிக்கும் வாய்ப்பே கிடைக்காமல் போனவர். அது 1922ஆம் ஆண்டு, அந்தப் பருவத்தின் கடைசி நாள். அதோடு ஆட்டத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போய் மருத்துவர் ஆகிவிடுகிறார். பார்த்து அழுதேன். மறுநாள் காலை அந்தத் தேதியைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். அச்சில் கண்ட எதையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விடாத பழக்கம் எனக்கு.

அங்கே தொடங்கி அடுத்த நான்கு மாதங்கள் நான் கழித்தது நூறு வருடத்துக்கு முந்தைய விளையாட்டு இதழ்களோடு. அந்த நாட்களில் அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்களுக்கு இரண்டு வார இதழ்கள் இருந்தன. பிலடெல்பியாவிலிருந்து ஃபிரான்சிஸ் ரிக்டர் 1883இல் தொடங்கிய ‘ஸ்போர்ட்டிங் லைஃப்’ ஒன்று. செயின்ட் லூயிஸிலிருந்து ஆல்ஃபிரட் ஸ்பிங்க் 1886இல் தொடங்கிய ‘தி ஸ்போர்ட்டிங் நியூஸ்’ மற்றொன்று. 1908இல் ‘பேஸ்பால் மேகஸின்’ என்ற மாத இதழும் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1984 ஒலிம்பிக் போட்டியில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு அமைந்த எல்ஏ84 அறக்கட்டளை, ‘ஸ்போர்ட்டிங் லைஃப்’ இதழைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து யார் வேண்டுமானாலும் படிக்கக் கொடுத்திருக்கிறது. காசு கேட்பதில்லை. அந்த நல்ல காரியத்துக்கு நான் எந்நாளும் கடன்பட்டவன்.

கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்ததும் பழைய அலுவலகத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. பக்கம் முழுக்க நெருக்கியடித்த பத்திகள். ஊருக்கு ஒரு நிருபர். அவரவர் ஊர் அணியைப் பற்றி நீளமான கடிதம். நடுநடுவே பாக்ஸ் ஸ்கோர்கள். இந்தப் பாக்ஸ் ஸ்கோருக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தியாளராக இருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் எழுதும் முறையைத்தான் பேஸ்பாலுக்கு மாற்றினார். அதனாலோ என்னவோ, விளையாட்டின் விதிகளைக் கற்றுக்கொள்ளும் முன்பே அந்தப் பெட்டிகளை என்னால் படிக்க முடிந்தது. இடப்பக்கம் பெயர், ஒட்டினாற்போல் அவர் நின்ற இடம், பிறகு எண்கள்: எத்தனை ஓட்டம், எத்தனை அடி, எத்தனை பேரை வெளியேற்றினார், எத்தனை முறை உதவினார், எத்தனை பிழை.

1905 ஜூன் 29, வியாழக்கிழமை. புரூக்ளினில் வாஷிங்டன் பார்க் மைதானம். ஜான் மெக்ராவின் நியூயார்க் ஜெயண்ட்ஸ் அணி, புரூக்ளின் சூப்பர்பாஸ் அணியை 11–1 என்று புரட்டியெடுத்த ஆட்டம். முடிவு தெரிந்துவிட்ட நேரத்தில், எட்டாவது இன்னிங்ஸில், ரைட் ஃபீல்டில் நின்ற ஜார்ஜ் பிரவுனை வெளியே அழைத்துவிட்டுக் கிரகாமை அனுப்பினார் மெக்ரா. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜெயண்ட்ஸ் மட்டை பிடித்தபோது, அடுத்து ஆடவேண்டியவர் கிரகாம். மட்டையோடு தயாராக நின்றிருக்கிறார். அவருக்கு முன்னால் ஆடிய கிளாட் எலியட் பந்தை உயரத் தூக்கி அடித்துப் பிடிபட்டார். மூன்றாவது ஆள் போனார், இன்னிங்ஸ் முடிந்தது. கிரகாம் மட்டையை வைத்துவிட்டு மறுபடி களத்துக்கு ஓடினார். அவர் பக்கம் ஒரு பந்தும் வரவில்லை.

அவ்வளவுதான். அன்றைய பெட்டியில் அவர் பெயருக்கு எதிரே வரிசையாகப் பூஜ்யங்கள். 1969இல் மேக்மில்லன் நிறுவனம் 2,300க்கும் மேற்பட்ட பக்கங்களில் ‘பேஸ்பால் என்சைக்ளோபீடியா’வை வெளியிட்டபோது அந்தப் பூஜ்யங்களும் ஒரு வரியாக அதில் ஏறின. கனடிய எழுத்தாளர் டபிள்யூ. பி. கின்செல்லா அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது அந்த ஒரு வரியில் நின்றுவிட்டார். ஒரே ஒரு ஆட்டம், ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை, இப்படி ஒரு பெயர். யார் இவர் என்று கேட்டுக்கொண்டு, அவர் வாழ்ந்த சிஷம் என்ற ஊர் வரை போனார். அதிலிருந்து பிறந்ததுதான் 1982இல் வந்த ‘ஷூலெஸ் ஜோ’ நாவலும் பின்னர் அந்தப் படமும். 1905ஆம் ஆண்டு யாரோ ஒரு அச்சுக்கோப்பவர் பூஜ்யம்தானே என்று அந்த வரியை விட்டிருந்தால் நாவலும் இல்லை, படமும் இல்லை, சமாதியின் மேல் பந்தும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. படம் ஒரு மனிதரைப் புகழேணியில் ஏற்றியது. அதே சமயம் அவருடைய வாழ்க்கையில் பாதியை எடுத்துவிட்டது. அந்தப் பாதி இருப்பது பழைய இதழ்களின் பொடி எழுத்தில் மட்டும்தான்.

தேதியிலிருந்து வருவோம். அது 1922 அல்ல, 1905. பருவத்தின் கடைசி நாளும் அல்ல, நட்ட நடுப்பகுதி. ஆட்டத்தை அதோடு விட்டாரா? இல்லவே இல்லை. அடுத்து அவரைக் காண்பது பென்சில்வேனியாவில் ஸ்க்ராண்டன் என்ற நிலக்கரி நகரத்தின் அணியில். நியூயார்க் ஸ்டேட் லீக் என்ற சிறிய லீக் அது. 1906இல் அந்த லீக்கிலேயே மட்டை சராசரியில் முதலிடம் பிடித்தார்: .336. 1908 வரை ஆடினார். அதற்கெல்லாம் முன்பே, 1905ஆம் ஆண்டிலேயே, மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கியிருந்தார். படம் காட்டுவது வாய்ப்புத் தவறியதும் ஒதுங்கிப் போன மனிதரை. இதழ்கள் காட்டுவது கையில் டாக்டர் பட்டத்தை வைத்துக்கொண்டு இன்னும் மூன்று பருவங்கள் சின்ன ஊர் மைதானங்களில் விரும்பி ஆடிய மனிதரை. இரண்டாவது மனிதர்தான் எனக்கு உயர்வாகத் தெரிகிறார். அவருடைய ஆசையையும் உழைப்பையும் ஒரு தவறிய வாய்ப்புக்குள் சுருக்குவது அவருக்குச் செய்யும் நியாயம் அல்ல.

இதைத் தேடிப் பிடிப்பது லேசான வேலை இல்லை. அந்தக் காலத்து இதழ்களில் இனிஷியல் கிடையாது. ‘கிரகாம்’ என்று குடும்பப் பெயர் மட்டும் போடுவார்கள். ‘பீச்சஸ்’ கிரகாம் என்று ஒரு கேட்சர் 1902 முதல் 1912 வரை பெரிய லீக்குகளில் வந்து போய்க்கொண்டிருந்தார். 1906இல் பாஸ்டனில் சார்லி கிரகாம் என்று ஒருவர் ஆடினார், அவரும் கேட்சர். 1907இல் வாஷிங்டனில் ஆஸ்கர் கிரகாம் பந்து வீசினார். எந்த ஊர், எந்த மாதம், எந்த இடத்தில் நின்றார் என்று மூன்றையும் பொருத்திப் பார்க்காமல் ஒரு குறிப்பைக்கூட நம்ப முடியாது. முதல் மாதம் நான் தாளில் குறித்ததில் கால்வாசி வேறொரு கிரகாமுடையது, அடித்து விட்டேன்.

கணினித் தேடலை நம்பினாலும் ஆகாது. பழைய அச்சை எந்திரம் படிக்கும்போது ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தை ‘ஓ’ என்று வாசிக்கிறது; ‘ஹெச்’ எழுத்தை ‘பி’ என்கிறது. மை மங்கிய இடத்தில் பெயரே காணாமல் போகிறது. தேடல் ‘இல்லை’ என்று சொன்ன பக்கத்தில், கண்ணால் பத்தி பத்தியாகப் படித்தபோது மூன்றாவது பத்தியின் அடியில் பெயர் இருந்தது. பக்கத்தின் படம் இருந்ததால் பிழைத்தேன். வெறும் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்தை எறிந்திருந்தால் ஸ்க்ராண்டனில் ஒரு ஆட்டம் என் கணக்கிலிருந்து தப்பியிருக்கும்.

பழைய தாள் சொன்னால் வேதவாக்கு என்றும் நான் சொல்லமாட்டேன். 1910இல் பெரிய லீக்குகளிலேயே மிக உயர்ந்த மட்டை சராசரிக்குப் பரிசாக சால்மர்ஸ் கார் ஒன்று அறிவிக்கப்பட்டது. டை காப்பும் நாப் லாஜவேயும் போட்டி. கடைசி நாளான அக்டோபர் 9 அன்று, காப் மீதிருந்த வெறுப்பில் செயின்ட் லூயிஸ் அணியின் மேலாளர் ஜாக் ஓ’கானர் தன் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரரை வெகுதூரம் பின்னால் நிறுத்திவைத்தார். லாஜவே பெரும்பாலும் பந்தை மெல்லத் தட்டித் தட்டியே ஓடினார். இரண்டு ஆட்டங்களில் எட்டு அடி. அப்படியும் அமெரிக்கன் லீக் தலைவர் பான் ஜான்சன் காப்தான் வென்றார் என்று அறிவித்தார். எழுபது ஆண்டுகள் போன பிறகு, பீட் பால்மர் என்ற ஆய்வாளர் அந்த வருடத்து அதிகாரபூர்வப் பேரேட்டை எடுத்து ஆட்டம் ஆட்டமாகச் சரிபார்த்தார். காப்பின் ஒரு ஆட்டம், மூன்றுக்கு இரண்டு அடி, இரண்டு முறை ஏறியிருந்தது. 1981இல் ‘ஸ்போர்ட்டிங் நியூஸ்’ அதை வெளியிட்டது. பேஸ்பால் ஆணையர் போவி கூன் கணக்கை மாற்ற மறுத்துவிட்டார்.

இதன் பலன் சின்னதல்ல. சாதனையாக நின்ற காப்பின் வாழ்நாள் கணக்கு 4,191 அடி என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லிவந்தார்கள். திருத்திய கணக்கு 4,189. பின்னாளில் வந்த ஆட்டக்காரர் பீட் ரோஸ் அந்தச் சாதனையைத் தாண்டியதாக 1985 செப்டம்பர் 11 அன்று சின்சினாட்டி நகரமே கொண்டாடியது. திருத்திய கணக்குப்படி அவர் அதைத் தாண்டியது மூன்று நாள் முன்பு, சிகாகோவில். ஒரு பேரேட்டில் ஒரு வரி இரண்டு தடவை விழுந்ததன் விளைவு இது. இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், பேரேடும் இருந்தது, அன்றைய நாளிதழ்களின் பாக்ஸ் ஸ்கோர்களும் இருந்தன. ஒன்றை வைத்து மற்றொன்றை உரசிப் பார்க்க முடிந்தது. ஒரே பிரதி மட்டும் மிஞ்சியிருந்தால் பிழையும் உண்மையாகவே நின்றுபோயிருக்கும். ப்ரூஃப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான்.

கிரகாமின் மீதிக் கதையைச் சொல்ல வேண்டும். மின்னசோட்டாவின் வடக்கே, இரும்புச் சுரங்கங்களுக்கு நடுவே உள்ள சிஷம் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1908இல் தீயில் எரிந்து மறுபடி எழுந்துகொண்டிருந்த ஊர். ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் பள்ளி மருத்துவர் அவர்தான். அந்தப் பிள்ளைகளின் ரத்த அழுத்தத்தை வருடா வருடம் அளந்து குறித்துவைத்தார். மேயோ கிளினிக் மருத்துவர்களோடு சேர்ந்து, 5 முதல் 16 வயது வரையிலான குழந்தைகளின் ரத்த அழுத்தம் பற்றி 1945இல் அவர் வெளியிட்ட கட்டுரை, குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் இன்றும் இருக்கிறது. குழந்தைகளுக்கும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமா என்று கேட்ட காலம் அது. பேஸ்பால் பெட்டியில் பூஜ்யங்களாக நின்றவர் இன்னொரு இதழின் அட்டவணைகளில் ஆயிரக்கணக்கான எண்களாக நிற்கிறார். 1965 ஆகஸ்ட் 25 அன்று காலமானார்.

தேடும்போது அவருடைய தம்பியின் பெயரும் கிடைத்தது: ஃபிராங்க் போர்ட்டர் கிரகாம். எங்கோ கேட்ட பெயர் என்று யோசித்தேன். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் அமெரிக்க செனட் உறுப்பினராகவும் இருந்தவர். 1951இல் ஐக்கிய நாடுகள் சபை, காஷ்மீர் பிரச்சினையில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே பேச அனுப்பிய அதே டாக்டர் கிரகாம். அவருடைய அறிக்கைகளைப் பற்றி நம் நாளிதழ்கள் அந்த நாட்களில் பக்கம் பக்கமாக எழுதின. தம்பியின் பெயர் முதல் பக்கத்தில், அண்ணன் பெயர் கடைசிப் பக்கத்தின் அடியில். இரண்டையும் சேர்த்துப் படித்தபோதுதான் அந்தக் குடும்பம் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

இந்தத் தாள்களைக் காப்பாற்றியது யார்? 1971இல் கூப்பர்ஸ்டவுன் நகரில் பாப் டேவிட்ஸ் என்பவர் அழைப்பில் 16 பேர் கூடி ஒரு பேஸ்பால் ஆய்வுச் சங்கம் தொடங்கினார்கள். அதில் சேர்ந்தவர்களில் பலர் அலுவலக வேலைக்காரர்கள், ஆசிரியர்கள். மாலையில் நூலகத்தில் உட்கார்ந்து, மறந்துபோன ஆட்டக்காரர்களின் பிறந்த தேதியையும் இறந்த ஊரையும் ஒவ்வொன்றாகத் தேடி எழுதினார்கள். மறுபுறம், பெரிய பெரிய நூலகங்கள் இடமில்லை என்று சொல்லி, மைக்ரோஃபிலிமில் எடுத்த கையோடு மூலத் தாள்களைக் கழித்துக் கட்டின. 1999இல் பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்க நாளிதழ்த் தொகுப்புகளை விற்க முன்வந்தபோது, நிக்கல்சன் பேக்கர் என்ற எழுத்தாளர் தன் சேமிப்பைப் போட்டு வாங்கி, ஒரு கிடங்கில் அடுக்கினார். 2004இல் அவை டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு தனி மனிதர் செய்ய வேண்டிய காரியமா அது? நூலகம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் செய்திருக்க வேண்டியது.

ஊர் திரும்பியதும், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடிக்கடி போய்வந்த ஒரு நூலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு அலமாரி நிறைய, அட்டை போட்டுத் தைத்த தமிழ் விளையாட்டு இதழ்கள் இருந்தது நினைவில் இருந்தது. அலமாரி இருக்கிறது, இதழ்கள் இல்லை. கரையான் பிடித்துவிட்டது, யாரும் எடுத்துப் படிப்பதில்லை, எடைக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். எந்த வருடம் போட்டார்கள் என்பதற்குக்கூடப் பதிவு இல்லை. அதிலிருந்த கபடி அணிகளின் பெயர்ப்பட்டியல்கள் வேறெங்காவது இருக்கின்றனவா என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

நம்மிடமும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும்தான், அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால், சென்னையில் 1994 முதல் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. இலக்கியத்துக்கும் சினிமாவுக்கும் அரசியலுக்கும் தேடி வருபவர்கள் உண்டு. விளையாட்டுப் பக்கத்துக்கும் வருவார்கள். தாள் இருந்தால் வருவார்கள்.

நாளிதழ் நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இது: பழைய தொகுப்புகளைப் படமெடுக்கும்போது கடைசிப் பக்கத்தையும் அதே கவனத்தோடு எடுங்கள். மடிப்பில் மறையும் ஓரத்தை விரித்து வைத்து எடுங்கள். பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். படமெடுத்தாயிற்று என்று தாளைக் கழிக்காதீர்கள். மாவட்டப் பதிப்புகளைத் தனித்தனியாக வையுங்கள். ஒரு பதிப்பில் விடுபட்ட பெயர் இன்னொன்றில் இருக்கும் என்பதை அந்த மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவோ பெரியப்பாவோ கட்டி வைத்த பழைய இதழ்க் கட்டு இருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பக்கத்து நூலகரிடமோ கல்லூரி ஆசிரியரிடமோ காட்டுங்கள். அட்டையும் முதல் பக்கமும் போதும் என்று அவர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடைசிப் பக்கத்தையும் சேர்த்தே கொடுங்கள்.